போன நத்தாரே இன்னும் முடியவில்லை

லண்டனிலிருந்து, கடைசி வளவுச் சின்னக்கா
9 செப்டெம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்டில் மூன்று கிழமை ஊரில் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். இது காசு கேட்டு எழுதுகிற கடிதம்தான். முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு "சுத்தி வளைச்சுக் கடைசியில காசுக்குத்தானே வந்தியள்" என்று ஒருவரும் கேட்க மாட்டீர்கள்.

பெரியம்மா வீட்டுக்குப் போனேன். மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குனிந்து கோப்பையை வைக்கும்போதுதான் பார்த்தேன், இரண்டு காதிலும் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குத் துண்டு செருகியிருக்கிறாள். அவளுடைய கலியாணத்துக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட தோடு. எங்கே என்று கேட்டால் சிரிக்கிறாள். மெல்ல மெல்லக் கேட்டதில், போன மார்கழி 20ஆம் திகதி டவுனில் ஈடு வைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு உடுப்பு, கேக்குச் சாமான், வீட்டுக்குச் சுண்ணாம்பு, வருகிறவர்களுக்குக் கோழி, அது முடியத் தைப் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து. எட்டு மாதமாக வட்டி மட்டும் கட்டுகிறாள். அந்த வட்டியைக் கட்டக் கிழமைக் காசு, அதுதான் கிழமைக்குக் கிழமை தவணை கட்டுகிற கடன், எடுத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலையில் தவணை வாங்க வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டவுடன் அந்த ஒழுங்கையில் நாலு வீட்டுக் கதவு சாத்துப்படுகிறது, நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த நத்தார் வாசலுக்கு வந்துவிட்டது, அவளுக்குப் போன நத்தாரே இன்னும் முடியவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர்ச் சங்கம் என்ன செய்கிறது? மார்கழி 17, 18க்குக் காசு அனுப்புகிறோம், கையில் கிடைக்க 22 ஆகிவிடும். அதற்குள் தோடு போய்விட்டது. நமக்கு மார்கழிதான் காசு வருகிற மாதம். சுவிஸ்காரருக்கு 13ஆவது சம்பளம், நோர்வேக்காரருக்கு வருசக் கடைசியில் அரை வரிதான் வெட்டுவார்கள், ஜெர்மனிக்காரரில் கனபேருக்கு நத்தார்க் காசு என்றே தனியாக உண்டு. அதனால் எல்லா ஊரிலும் மார்கழியில் காசு புழங்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம்ம கரையில் மார்கழி என்றால் வாடை, வடகிழக்குக் காற்று. பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இங்கே வளர்ந்த பிள்ளைகளும் வாசிக்கிறார்கள் என்பதற்காக எழுதுகிறேன். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற மாதங்களில்தான் கிழக்குக் கடல் படுத்துக்கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபத்துத் தொழிலாளிகள்கூட அந்தக் காலத்தில்தான் வாடி (கடற்கரைக் கொட்டில்) போட்டு மீன் பிடிக்க நம்ம பக்கம் வருவார்கள். ஐப்பசி கடைசியில் காற்று திரும்பினால் வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான், தை கழியும்வரை முழுசாகத் தொழில் இல்லை. வருசத்திலேயே பெரிய செலவு, வருசத்திலேயே வருமானம் இல்லாத மாதத்தில் வந்து நிற்கிறது. குடித்து அழிக்கிறார்கள், ஆடம்பரம் என்று இங்கே இருந்து சொல்கிறவர்கள் கலண்டரைப் பார்க்க வேண்டும்.

மாதர் சங்கப் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. சீட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாதாமாதம் குலுக்கல், பெயர் விழுந்தவளுக்கு மொத்தக் காசு. அதில் என்ன பிரச்சினை என்றால், எல்லாருக்கும் மார்கழிச் சீட்டுத்தான் வேண்டும், மார்கழி ஒன்றுதானே இருக்கிறது. மாசியில் பெயர் விழுந்தவள் கூரைத் தகடு வாங்கிவிட்டு, கடல் இல்லாத மாதத்திலும் சீட்டுக் காசு கட்ட முடியாமல் முழிக்கிறாள். ஆகவே சீட்டு வேண்டாம், சேர்த்து வைப்போம் என்கிறார்கள். 22 பெண்கள் வருகிறார்கள். உயிர்த்த ஞாயிறு கழிந்து தொடங்கிப் புரட்டாதி முடிய நிறுத்துவது. மீன் பட்ட கிழமை கூடப் போடலாம், படாவிட்டால் சும்மா விடலாம். தையில் தொடங்கச் சொல்கிற புத்திமதி எல்லாம் மாதச் சம்பளக்காரருக்கு.

நான் கேட்பது இரண்டு. ஒன்று, இந்த வருசத்துக் காசை ஐப்பசி முடிய முதல் அனுப்புவோம். இரண்டு, அடுத்த வருசம் அவர்கள் சேர்க்கிற ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் நாங்கள் 50 போடுவோம். தலைக்கு எவ்வளவு என்று பொருளாளர் அண்ணை சொல்லட்டும்.

ரொறன்ரோவிலிருந்து, பொருளாளர்
10 செப்டெம்பர் 2025

தங்கச்சியின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மனது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும்.

2023 நத்தாருக்கு அனுப்பியதில் பாலன் குடிலுக்கு மின்குமிழ் மாலை என்று 38,500 ரூபா எழுதியிருக்கிறது. பற்றுச்சீட்டு இன்னும் வரவில்லை. மூன்று தரம் கேட்டுவிட்டேன். அந்த வருசம் போய் வந்த என் மச்சாள் சொல்கிறாள், குடிலில் எரிந்தது பழைய மாலை, அதிலும் மாட்டுக்கு மேலே இருந்த பாதி எரியவில்லையாம். அது முடிகிறவரை நான் கொப்பியை மூட மாட்டேன்.

அடுத்தது, ரூபாவில் சேர்ப்பது. 2022ஐ மறந்துவிட்டோமா? வருசத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா, மே மாதம் 360. செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி முந்தின வருசத்தைவிட ஏறத்தாழ 70 வீதம் கூட. மாதம் 1,000 ரூபாவாகப் போட்டு 12,000 எடுத்தவள் கடைக்குப் போனால் பட்டரையும் கஜுவையும் தொட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டிய நிலை. ஆகவே நாங்கள் போடுகிற பங்கு இங்கேயே டொலரிலும் பவுணிலும் இருக்கட்டும், ஐப்பசியில் மட்டும் மாற்றி அனுப்புவோம். அவர்களுடைய பங்கு ரூபாவில் இருப்பதைத் தவிர்க்க முடியாது, ஆறு மாதம்தான் என்பதால் பரவாயில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். காசு யார் கையில்? லண்டன்காரருக்கு ஃபேர்பாக் ஞாபகம் இருக்கும். நத்தாருக்கென்று வருசம் முழுக்கச் சனத்திடம் சில்லறை சில்லறையாக வாங்கிய நிறுவனம், 2006 ஒக்டோபரில் விழுந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களின் சுமார் 3 கோடி 70 லட்சம் பவுண் போனது. அந்தச் சேமிப்பைப் பிரித்து ஒரு தனிக் கணக்கில் பூட்டி வைத்திருக்கவில்லை, குழுமத்தின் கடனோடு கடனாகக் கலந்துவிட்டது. அங்கேயே அப்படி என்றால் நம்ம மாதர் சங்கத்து நாற்பது பக்கக் கொப்பியை வைத்து நான் கையெழுத்துப் போட முடியாது. வங்கியில் தனிக் கணக்கு, மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்து, அந்த மூன்று பேரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. (எந்தக் குடும்பம் என்று நான் சொல்லவில்லை.) மாதம் ஒரு தரம் கொப்பியைப் படமெடுத்து எனக்கு அனுப்பட்டும்.

தலைக்கு என்ன வரும் என்று நாளைக்குப் போடுகிறேன்.

பேர்னிலிருந்து, சங்குக்காரர் வீட்டு மூத்தவன்
10 செப்டெம்பர் 2025, இரவு

நான் சுருக்கமாக எழுதுகிறவன்.

அக்கா, அந்தப் பிள்ளையின் காதைப் பற்றி நாலு நாட்டுக்கு எழுதச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது? ஈர்க்குத் துண்டு வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு அவளுடைய தம்பிக்குச் சம்பந்தம் பேசப் போகிறவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். நம்ம ஊர் கையேந்தி நின்ற ஊர் இல்லை. தொண்ணூறில் முகாமில் ஒரு கூடாரத்துக்குள் மூன்று குடும்பம் கிடந்த நத்தாரிலும் என் அம்மா சோப்புப் பெட்டி மட்டையில் குடில் வெட்டி, சாக்குக் கட்டியில் ஆடு செய்து வைத்தா. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளுக்கும் சீனி போட்ட ரொட்டி கொடுத்தா. ஒருவரிடமும் போய் நிற்கவில்லை. இப்போது 100க்கு 50 என்று கணக்குப் போட்டுப் பிச்சை போடுகிறோமா? தர விரும்பினால் கையில் கொடுத்துவிட்டு மறக்க வேண்டும். கொப்பியைப் படமெடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பச் சொன்னால், யார் எந்தக் கிழமை 200 போட்டாள், யார் போடவில்லை என்று அங்கே ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை.

என் தம்பியின் காசு விசயத்தை 2011இல் இதே குழுவில் போட்டது யார் என்பதையும் நான் மறக்கவில்லை. அவ்வளவுதான்.

ஒஸ்லோவிலிருந்து, மணியடிக்கிறவர் மகள்
11 செப்டெம்பர் 2025

சண்டையை விடுங்கோ, எனக்கு அம்மாவின் நெஸ்பிரே டின் ஞாபகம் வந்துவிட்டது.

மூடியில் ஐயா மீன் வெட்டுகிற கத்தியால் கீறின ஒரு வாய். சில்லறைக் குற்றி போடும்போது விரலை வெட்டும், அதனாலேயே நாங்கள் திருடவில்லை. சின்னக்கா சொல்வதைத்தான் அம்மா அப்போதே செய்தா என்று இப்போதுதான் விளங்குகிறது. கரைவலைப் பங்கு பிரித்துக் காசு வந்த நாளில் மட்டும்தான் டின்னை எடுப்பா. சூடை மீனோ கீரி மீனோ நல்லாய்ப் பட்டிருந்தால் ஐயா காசை எண்ண முதலே அவருடைய கையிலிருந்து ஒரு தாளை உருவி மடித்துப் போட்டுவிடுவா. வெறும் வலை வந்த நாளில் டின் அசையாது, நாங்கள் கேட்கவும் மாட்டோம். ஐப்பசியில் அதிலிருந்து முதல் காசு கேக்குக்குப் போகும். பேரீச்சம்பழம், முந்திரிகை வத்தல், இஞ்சித் தோசி, பூசணித் தோசி எல்லாம் சின்னதாக அரிந்து பிராண்டி ஊற்றிப் போத்தலைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவா. மார்கழியில் எடுத்துப் பார்த்தால் பழம் இருக்கும், பிராண்டி இருக்காது. ஐயா பூனையைச் சாட்டுவார்.

2004இல் அந்த டின்னை 22ஆம் திகதி திறந்தோம். எனக்கு நீலச் சட்டை, தம்பிக்கு முதல் நீளக் காற்சட்டை. 26ஆம் திகதி காலையில் கடல் வந்தது. நாங்கள் கோவிலில் நின்றதால் தப்பினோம், வீட்டில் சுவர் இரண்டு மிஞ்சியது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது டின் வேலியில் கிடந்தது, மூடி இல்லை. அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல காலம், ஒரு சதம் விடாமச் செலவழிச்சிட்டன்" என்றா. அந்த நேரத்திலும் சிரித்தோம். என்னத்தைச் சொல்ல.

நான் சேருகிறேன். இங்கே அரை வரி வரும்வரை காத்திருக்கவில்லை, இந்த மாதமே போடுகிறேன்.

லண்டனிலிருந்து, சின்னக்கா
11 செப்டெம்பர் 2025

பேர்ன் தம்பிக்கு. அவளிடம் கேட்காமல் நான் எழுதவில்லை. "எழுதுங்கோ மாமி, எழுதினாத்தான் அவைக்கு விளங்கும், நான் களவெடுக்கேல்லத்தானே" என்றாள். பெயரை மட்டும் போட வேண்டாம் என்றாள், போடவில்லை. ஊருக்கே தெரிந்த காதை நீர் மட்டும் பார்க்காமல் இருந்தால் அது மானம் இல்லை. போன வருசம் நீரும் ஊருக்குப் போனீர், பெரியம்மா வீட்டில்தான் நண்டுக்கறி சாப்பிட்டீர். அந்த நண்டு வாங்கின காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டீரா? உம்முடைய தம்பியின் விசயத்தைக் குழுவில் போட்டது நான் இல்லை. போட்டவர் இப்போது உம்முடைய பக்கத்து ஊரில் இருக்கிறார், அவரோடு நீர் பந்தும் ஆடுகிறீர்.

100க்கு 50 பிச்சை இல்லை. அவர்கள் போடாவிட்டால் நாங்களும் போட மாட்டோம் என்றுதான் அர்த்தம். முதல் கை அவர்களுடையது. இதைக் கேட்டதே அவர்கள், நான் கண்டுபிடித்தது இல்லை.

பொருளாளர் அண்ணைக்கு. தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, சரி. டொலரில் வைப்பதும் சரி, எனக்கு அது தோன்றவில்லை. கொப்பி விசயத்தில் மட்டும் தம்பி சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆள் ஆளாகப் படம் வேண்டாம், மாதம் மொத்தம் எவ்வளவு என்ற ஒரு தொகை மட்டும் வரட்டும். மின்குமிழ்க் கடைக்காரன் கடையை மூடிவிட்டு மகளோடு கொழும்புக்குப் போய்விட்டானாம், பற்றுச்சீட்டு இனி வராது. வேண்டுமானால் அந்த 38,500ஐ என் தலையில் எழுதுங்கோ. ஆனால் அதை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவதை நிறுத்துங்கோ.

ரொறன்ரோவிலிருந்து, பொருளாளர்
12 செப்டெம்பர் 2025

சம்மதம். மொத்தத் தொகை மட்டும். மின்குமிழை "நிலுவை" என்று வைத்திருக்கிறேன், ஒருவர் தலையிலும் எழுதவில்லை.

22 பேரும் சோளகக் காலம் ஆறு மாதத்துக்கு மாதம் 2,000 ரூபாவாகச் சேர்த்தால் அவர்களுடைய பங்கு 264,000. நம்முடையது அதில் பாதி, 132,000. காசு தருகிற வீடுகள் 31. தலைக்கு 4,300 ரூபாவும் வராது, இங்கே ஒரு நேரம் குடும்பத்தோடு தோசை தின்கிற காசு. இவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இந்த வருசக் காசு ஒக்டோபர் 20க்கு முதல் என்னிடம் வர வேண்டும். பிந்தி வருகிறதை நான் ஏற்க மாட்டேன், என் மச்சானாக இருந்தாலும்.

பேர்னிலிருந்து, சங்குக்காரர் வீட்டு மூத்தவன்
12 செப்டெம்பர் 2025, இரவு

என்னுடையதை அனுப்பிவிட்டேன், இந்த வருசத்துக்கும் அடுத்த வருசத்துக்கும். அக்கா, அவளுடைய அடகுத் துண்டின் இலக்கத்தைக் கேட்டு எனக்குத் தனியாக எழுதுங்கோ. குழுவில் போட வேண்டாம்.

ரொறன்ரோவிலிருந்து, பொருளாளர்
13 செப்டெம்பர் 2025

தம்பி, காசு வந்தது, நன்றி. 40 டொலர் கூட வந்திருக்கிறது. அதை எந்தத் தலைப்பில் பதிவது?