ஸ்பானிஷ், இங்கிலீஷ், சைனீஸ்: அளவுச் சொல் மூணுலயும் ஒண்ணுதானா?

புதுமாணவன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலீஷ் ஓகே, ஸ்பானிஷ் பேசுற அளவுக்கு வரும், இப்பதான் மாண்டரின் சைனீஸ் ஆரம்பிச்சிருக்கேன். ஆரம்பத்துலயே ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கறேன். மூணு புத்தகம்னு சொல்ல "ஸான் ஷூ"ன்னு சொல்லக் கூடாதாம், நடுவுல ஒண்ணப் போட்டு "ஸான் பென் ஷூ"ன்னுதான் சொல்லணுமாம். அந்த "பென்" புத்தகத்துக்கான அளவுச் சொல், கத்திக்கு வேற, மீனுக்கு வேற, மேஜைக்கு வேறன்னு லிஸ்ட் நீண்டுக்கிட்டே போகுது. பாடத்துல இதுக்குக் குடுத்திருக்கற விளக்கம் ஒரே வரி, இங்கிலீஷ்ல "எ ஷீட் ஆஃப் பேப்பர்"னு சொல்றோமே அதே மாதிரிதான்னு. எனக்கு அது ஒட்டவே மாட்டேங்குது, ஏன்னா இங்கிலீஷ்ல பேப்பருக்கு ஷீட் போட்டாலும் புத்தகத்துக்கு எதுவும் போடறதில்ல, த்ரீ புக்ஸ்னு நேரா எண்ணிடறோம், ஸ்பானிஷ்லயும் "த்ரெஸ் லிப்ரோஸ்"தான், அப்ப எப்படி எல்லாம் ஒண்ணாகும்?

ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும். மூணு மொழியிலயும் இருக்கறது ஒரே சமாச்சாரம்தானா? அப்புறம், சைனீஸ்ல எதுக்கெடுத்தாலும் "கெ"ங்கற ஒரே அளவுச் சொல்லைப் போட்டு சமாளிச்சுடலாம்னு நிறைய பேர் சொல்றாங்க, அதை நம்பலாமா?

மழைக்குருவி:

உங்க சந்தேகம் நியாயமானது, அந்த ஒரு வரி விளக்கம் பாதிதான் உண்மை. அளவுச் சொல் மூணு மொழியிலயும் இருக்கு, எப்ப அதைக் கட்டாயம் போட்டே ஆகணும்ங்கறதுலதான் பிரியுது. இங்கிலீஷும் ஸ்பானிஷும் பேர்ச்சொல்ல ரெண்டு கட்சியாப் பிரிச்சு வச்சிருக்கு, எண்ண முடியற கட்சி, எண்ண முடியாத கட்சி. எண்ண முடியறதுன்னா நேரா எண்ணுவாங்க, முடியாததுக்கு மட்டும் தம்ளர், துண்டு, கிலோன்னு ஏதாவது ஒண்ணு வேணும். சைனீஸ்ல அந்தச் சலுகையே கிடையாது. தண்ணியோ புத்தகமோ மனுஷனோ, எண் வந்துட்டா நடுவுல ஒரு சொல் வந்தே ஆகணும்.

இதுல ஒரு ருசியான இடம் இருக்கு. எது எண்ண முடியும், எது முடியாதுங்கறதுல இங்கிலீஷும் ஸ்பானிஷுமே ஒத்துப்போறதில்ல. அட்வைஸ் இங்கிலீஷ்ல எண்ண முடியாது, "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்"னு சுத்தி வரணும், ஸ்பானிஷ்ல "உன் கொன்ஸெஹோ"ன்னு சிம்பிளா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணலாம். ஃபர்னிச்சரும் அப்படித்தான், அங்க "பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்", இங்க "உன் முவெப்லே, தோஸ் முவெப்லெஸ்". சாக்பீஸுக்கு ஸ்பானிஷ்ல "உனா திஸா" போதும். நியூஸ், சூயிங்கம் எல்லாமே இந்தக் கணக்குலதான் வரும். மின்னலையும் இடியையும் எடுத்துக்கங்க, இங்கிலீஷ்ல "ஃப்ளாஷ் ஆஃப் லைட்னிங்", "க்ளாப் ஆஃப் தண்டர்"னு ஒண்ணு முன்னாடி வேணும், ஸ்பானிஷ்ல "உன் ரெலாம்பாகோ", "உன் த்ருவேனோ", முடிஞ்சுது வேலை. ஒரே வானம், ஒரே மின்னல், ஆனா ஒரு மொழிக்கு அது பொருள் மாதிரி, இன்னொண்ணுக்கு அது சரக்கு மாதிரி.

நம்ம தமிழ் இதுல ஸ்பானிஷ் பக்கம். ஒரு அறிவுரை, ரெண்டு மின்னல், நாலு செய்தின்னு கூசாம எண்ணுவோம். நம்மாளுங்க இங்கிலீஷ்ல "ஆன் அட்வைஸ்", "ஃபர்னிச்சர்ஸ்"னு எழுதறதுக்குக் காரணமும் அதுதான்னு நினைக்கறேன், ஸ்பானிஷ் பேசறவங்களும் அதே இடத்துலதான் இடறுவாங்க.

ஸ்பானிஷ்ல எல்லாமே எண்ணலாம்னும் நினைச்சுடாதீங்க. துணிக்கு "ரோப்பா"ன்னா மொத்தமா துணிமணி, ஒண்ணுன்னு சொல்லணும்னா "உனா பிரெந்தா"ன்னு வேற சொல்லுக்குப் போகணும்.

எழுத்தாணி:

மழைக்குருவி அக்கா சொன்னது அருமை, நான் ஒரு பூண்டுப் பல்லை வச்சு ஒண்ணு காட்டறேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் இது. இங்கிலீஷ்ல அது "க்ளோவ்", பிளந்து பிரிஞ்சதுங்கற பழைய அர்த்தத்துல வந்தது. ஸ்பானிஷ்ல "தியெந்தே தே ஆஹோ", தியெந்தேன்னா பல்லு, அப்படியே நம்ம பூண்டுப் பல்லு! சைனீஸ்ல அதுக்கு "பான்", பூவிதழ்னு அர்த்தம், ஒரு இதழ் பூண்டு. கையில இருக்கறது ஒரே துணுக்குதான், ஒருத்தன் பிளவைப் பாக்கறான், ஒருத்தன் பல்லைப் பாக்கறான், ஒருத்தன் இதழைப் பாக்கறான். ஸ்பானிஷும் தமிழும் ஒண்ணையொண்ணு பாக்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேந்திருக்கறது எப்ப நினைச்சாலும் சந்தோஷமா இருக்கு.

சில இடத்துல மூணுமே ஒண்ணாப் போய் நிக்கும். மாட்டை எண்ணும்போது இங்கிலீஷ்ல "ட்வென்டி ஹெட் ஆஃப் கேட்டில்", ஸ்பானிஷ்ல "பெயின்தே காபெஸாஸ் தே கனாதோ", சைனீஸ்ல "அர்ஷ் தோவ் நியோவ்". ஹெட், காபெஸா, தோவ் மூணுக்கும் தலைன்னுதான் அர்த்தம். இதுல இங்கிலீஷைக் கவனிச்சுப் பாருங்க, "ஹெட்ஸ்"னு வராது, இருபதானாலும் "ஹெட்"தான், ஸ்பானிஷ்ல மட்டும் பன்மை "ஸ்" ஏறிக்கும். சைனீஸ்காரன் எண்ணுற முறைக்கு இங்கிலீஷ் ரொம்ப நெருங்கி வர்ற இடம் இதுன்னு சொல்லலாம்.

பேன்ட் இன்னொரு வேடிக்கை. இங்கிலீஷ்ல "எ பேர் ஆஃப் ட்ரௌசர்ஸ்", ரெண்டு கால் இருக்கறதால ஜோடி. ஸ்பானிஷ்ல "உன் பந்தலோன்"னு ஒருமையிலயே சொல்லலாம், பன்மையிலயும் சொல்வாங்க. சைனீஸ்ல ஜோடிங்கற பேச்சே இல்ல, நீளமா தொங்கறதுன்னு பாத்து "தியாவ்" போடுவாங்க, "யி தியாவ் கூஸ". இங்கிலீஷ் வழியா யோசிச்சு அங்க ஜோடிக்கான "ஷுவாங்" போட்டா தப்பு, ஷுவாங் செருப்புக்கும் சாக்ஸுக்கும் சரி, பேன்ட்டுக்கு ஆகாது.

புதுமாணவன்:

இவ்வளவு இருக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்ப சைனீஸ்ல எந்தப் பொருளுக்கு எந்தச் சொல்லுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது, மனப்பாடம்தானா? "கெ" பத்தி யாரும் சொல்லலயே.

வடக்குத்திசை:

"கெ" பத்தி நான் சொல்றேன். மனுஷங்களுக்கும், தனக்குன்னு ஒரு அளவுச் சொல் இல்லாத ஏகப்பட்ட பொருளுக்கும் கெதான் சரியான சொல். மத்த இடத்துல போட்டாலும் புரிஞ்சுக்குவாங்க, அதனால பேசற வேகத்துல சரியான சொல் ஞாபகம் வரலன்னா கெ போட்டுட்டு மேல பேசுங்க, நிக்காதீங்க. ஆனா அதையே பழக்கமாக்கிடாதீங்க. "யி கெ ஷூ"ன்னா ஒரு புத்தகம்னு புரியும், காதுல கரகரன்னு விழும்.

மனப்பாடம் கொஞ்சம் வேணும், ஆனா லிஸ்டா எழுதி ஒப்பிக்கறது வீண் வேலை, சொல்லோட உருவத்தைப் பிடிங்க. "ஜாங்" எடுத்துக்கங்க, அந்த எழுத்துக்குள்ளயே வில்லு இருக்கு, நாணை இழுத்து விரிக்கறதுங்கற அர்த்தத்துல இருந்து வந்தது. அதனால விரிஞ்சு தட்டையா இருக்கறது எல்லாம் ஜாங், தாள், டிக்கெட், போட்டோ, வரைபடம், மேஜை, கட்டில் வரைக்கும், முகத்துக்கும் வாய்க்கும்கூட அதுதான். "தியாவ்" நீளமா வளைஞ்சு கிடக்கறது, ஆறு, ரோடு, பாம்பு, மீன், பேன்ட். நியூஸுக்கும் சட்டப் பிரிவுக்கும்கூட தியாவ்தான், வரி வரியா வர்ற விஷயம்ல. "பா" கையால பிடிக்கறது, கத்தி, குடை, சாவி, நாற்காலி. நாற்காலிக்கு ஏன்னு யோசிச்சீங்கன்னா, அதைத் தூக்கும்போது கை எங்க போகுதுன்னு பாருங்க. இதே பா ஒரு கைப்பிடி அரிசிக்கும் வரும்.

நாய்க்கு "ஜி"யும் வரும் தியாவும் வரும், ரெண்டுமே சரி. ஒரே பொருளுக்கு ஒரே சொல்லுன்னு கட்டிப்போட்டு வைக்கலங்கறதுக்கு இது சாட்சி. மனுஷங்களுக்கு கெ, மரியாதையாச் சொல்லணும்னா "வெய்", குடும்பத்துல எத்தனை பேருன்னா "கோவ்", கோவ்னா வாய். வெய் மரியாதைச் சொல்லுங்கறதால அடுத்தவங்களுக்குப் போடுங்க, தன்னை எண்ணும்போது வேண்டாம்.

எண் வரும்போது மட்டும்தான் இந்தச் சொல்லுன்னு நினைச்சுடாதீங்க, இந்தப் புத்தகம்னாலும் "ஜெ பென் ஷூ"தான், அந்த, எந்த, ஒவ்வொரு, எத்தனைன்னு வந்தாலும் அதே கதை. இங்கிலீஷ்ல "திஸ் புக்", ஸ்பானிஷ்ல "எஸ்தே லிப்ரோ", ரெண்டுலயும் நடுவுல யாரும் கிடையாது. இன்னொண்ணு, ரெண்டுன்னு எண்ணும்போது அளவுச் சொல்லுக்கு முன்னாடி "அர்" போடாதீங்க, "லியாங்" போடுங்க, லியாங் பென் ஷூ.

மொழிவெறி:

தாமதமா வர்றேன், ஆனா ஒரு இடத்துல எனக்கு மாத்துக் கருத்து இருக்கு. எண் வந்தா தண்ணியும் புத்தகமும் ஒண்ணுன்னு மழைக்குருவி சொன்னாங்க, அதை வச்சு சைனீஸ்காரங்களுக்கு எல்லாப் பொருளும் தண்ணி மாதிரின்னு முடிவு கட்டறவங்க நிறைய. அது சரியில்ல. தண்ணிக்கு வர்ற "பேய்"ங்கறது தம்ளர், அது அளவை உண்டாக்குது, புத்தகத்துக்கு வர்ற "பென்" எதையும் புதுசா உண்டாக்கல, ஏற்கெனவே ஒண்ணு ஒண்ணா இருக்கறதுக்குப் பேரு சொல்லுது, அவ்வளவுதான். இலக்கணமே இதைப் பிரிச்சுக் காட்டும், "ஸான் பேய் த ஷுவெய்"ன்னு நடுவுல "த"ங்கற இணைப்புச் சொல்லை நுழைக்கலாம், "ஸான் பென் த ஷூ"ன்னு நுழைக்க முடியாது. முதல் வகை எல்லா மொழியிலயும் உண்டு, ஸ்பானிஷ்ல "உன் பாஸோ தே ஆகுவா"வும் அதேதான். ரெண்டாவது வகைதான் இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் அநேகமா இல்லாதது. புதுமாணவன் கேள்விக்கு என் பதில் இதுதான், ஒரே பேர்ல ரெண்டு சமாச்சாரத்தை மூட்டை கட்டி வச்சிருக்காங்க.

முதல் வகையில ஸ்பானிஷ் சில இடத்துல சைனீஸை விட நுணுக்கமா இருக்கும். சைனீஸ்ல எந்த வடிவத்துல இருந்தாலும் பேய் போதும், ஸ்பானிஷ்ல பிடி வச்சதுன்னா "தாஸா", கால் வச்சதுன்னா "கோபா", சாதா தம்ளர்னா "பாஸோ". எண்ணோட பாலும் அளவுச் சொல்லைப் பாத்துதான் மாறும், பேப்பருக்கான "பாபெல்" ஆண்பால், ஆனா "உனா ஓஹா தே பாபெல்", ஓஹா பெண்பால்ங்கறதால "உனா".

கூட்டத்தைச் சொல்றதுல எல்லாம் தலைகீழாயிடும். இங்கிலீஷ்ல ஆட்டுக்கு ஃப்ளாக், மாட்டுக்கு ஹெர்ட், சிங்கத்துக்கு ப்ரைட்னு வரிசையா இருக்கு, 1486-ல இங்கிலாந்துல அச்சான ஒரு வேட்டைப் புத்தகத்துலயே இந்த மாதிரி பெரிய பட்டியல் உண்டு. ஸ்பானிஷ்லயும் பறவைக்கு "பந்தாதா", வேட்டை நாய்க்கு "ஹௌரியா"ன்னு தனித்தனி. சைனீஸ்ல பெரும்பாலும் "ச்யுன்" ஒண்ணே ஒண்ணு, ஆடு மாடு பறவை மனுஷன் எல்லாத்துக்கும். சைனீஸ்ல மட்டும்தான் அளவுச் சொல் அதிகம்னு சொல்றவங்க இதை ஒரு தடவை பாக்கணும்.

நம்ம "மூணு பேர் வந்தாங்க"ங்கறதுல வர்ற "பேர்" இருக்கே, அது சைனீஸ் முறைக்கு ரொம்பப் பக்கம். மனுஷங்களை எண்ணும்போது மட்டும் வரும், "மூணு பேர்"னு தனியாவும் நிக்கும், சைனீஸ்லயும் எதைப் பத்திப் பேசறோம்னு தெரிஞ்சா "ஸான் பென்"னு மட்டும் சொல்லிட்டு விட்டுடலாம். பேச்சுத் தமிழ்ல எண்ணுக்கு அப்புறம் "மூணு புத்தகம்"னு "கள்" இல்லாம விடறோம் பாருங்க, சைனீஸ்லயும் எண் வந்தா பன்மை ஒட்டு சேராது. ஸ்பானிஷ்லயும் இங்கிலீஷ்லயும் அந்த "ஸ்" போட்டே தீரணும். அதனால இந்த விஷயத்துல நமக்கு சைனீஸ் அவ்வளவு அந்நியம் இல்ல.

புதுமாணவன்:

மொழிவெறி அண்ணா, அந்த ரெண்டு வகை பிரிச்சது பிரமாதம், இப்ப எல்லாம் இடத்துல உக்காந்துருச்சு. கடைசியா ஒண்ணே ஒண்ணு, நாள், மாசம், வருஷத்துக்கும் இந்தச் சொல் வேணுமா? அப்புறம் ரெண்டு தடவை, மூணு தடவைங்கறதுக்கு?

வடக்குத்திசை:

நாளுக்கும் வருஷத்துக்கும் வேண்டாம், "ஸான் தியென்" மூணு நாள், "ஸான் நியென்" மூணு வருஷம், தியெனும் நியெனும் தானே அளவா நின்னுடும். மாசத்துக்கு மட்டும் கெ கட்டாயம், "ஸான் கெ யுவே"ன்னா மூணு மாசம், கெ விட்டுப்போய் "ஸான் யுவே"ன்னு சொன்னா அது மார்ச் மாசம் ஆயிடும், இதுல ஜாக்கிரதையா இருங்க.

தடவைக்கு ஸ்பானிஷ்ல "தோஸ் பேஸெஸ்", இங்கிலீஷ்ல "ட்வைஸ்", ரெண்டுலயும் எந்த மாதிரி தடவைக்கும் அதேதான். சைனீஸ்ல எப்படிச் செஞ்சீங்கன்னும் கேக்கும். சும்மா எத்தனை தடவைன்னா "த்ஸ", முதல்ல இருந்து கடைசி வரைக்கும் முழுசா படிச்சதையோ கேட்டதையோ சொன்னா "பியென்", ஒரு இடத்துக்குப் போய்ட்டு வந்ததை எண்ணினா "தாங்". இந்தச் சொல்லு வினைக்கு அப்புறம் வரும், பேர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற மாதிரி இல்ல. பாடத்தை ரெண்டு பியென் படிச்சேன்னு நீங்க சொன்னா, நடுவுல ஒரு பக்கம்கூட விடலன்னு கேக்கறவங்க எடுத்துக்குவாங்க.