தாத்தா கேட்ட அரைச் சொல்: அந்தக்கால மெட்ராஸ் கொட்டகையும் போலீஸ் சென்சாரும்

தம்புச்செட்டித் தெரு பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். பழைய மெட்ராஸ் சினிமா பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பல வருஷமாக மனதில் இருக்கிற கேள்வி.

என் தாத்தா 1922-இல் பிறந்தவர். துறைமுகத்தில் கிடங்குக் கணக்கு எழுதினார். வீடு மண்ணடிப் பக்கம். சம்பளம் வந்த அன்று கையில் மிஞ்சும் அணாவெல்லாம் சினிமாவுக்குத்தான் போகும் என்று பாட்டி சொல்வார். தாத்தா பயாஸ்கோப் என்றுதான் கடைசி வரைக்கும் சொன்னார், டிவி வந்த பிறகும்.

அவர் அடிக்கடி சொன்ன விஷயங்கள் மூன்று. ஒன்று, அந்தக் காலத்தில் போலீஸ் கமிஷனர்தான் சென்சார் என்பது. இரண்டு, கெயிட்டியில் 'தியாகபூமி' ஓடியபோது கொட்டகைக்குள்ளேயே தடியடி நடந்தது, தானும் அங்கே இருந்தேன் என்பது. இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டுவார்.

மூன்றாவதுதான் யாரும் நம்பாதது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்த ஒரு படத்தில், திரையில் ஒரு பெண் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாளாம். திடீரென்று ஓர் ஆண் குரல் அரைச் சொல் சொல்லிவிட்டு நின்றுவிட்டதாம். அந்தக் குரலுக்கு முகமே இல்லை. தரை டிக்கெட் ஜனங்கள் மிச்சத்தைச் சேர்ந்து சொல்லி முடித்தார்களாம். சென்சார் வெட்டியதில் தப்பித்து வந்த சொல் அது என்பார். எந்தப் படம் என்று அவருக்கே நினைவில்லை. என் அப்பாவும் சித்தப்பாவும் இதைக் கதை என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தாத்தா பொய் சொல்கிறவர் இல்லை. இப்படி நடக்க வாய்ப்பு உண்டா?

எழும்பூர் வாசகன்:

அம்மா, உங்கள் தாத்தா சொன்ன முதல் விஷயம் அட்சரசுத்தமாக உண்மை.

சினிமாட்டோகிராப் சட்டம் 1918-இல் வந்தது. 1920-இல் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், ரங்கூன் நான்கிலும் தணிக்கை வாரியம் அமைத்தார்கள். நான்குமே துறைமுகப் பட்டணங்கள் என்பதைக் கவனியுங்கள். வெளிநாட்டுப் படப்பெட்டி கப்பலில் வந்து இறங்கும் இடத்திலேயே பார்த்து நிறுத்துவதுதான் நோக்கம். மெட்ராஸ் வாரியத்துக்குத் தலைவர் போலீஸ் கமிஷனர். ஒரு வாரியம் கொடுத்த சான்றிதழ் பிரிட்டிஷ் இந்தியா முழுக்கச் செல்லும். ஆனால் சான்றிதழ் இருந்தாலும் மாவட்ட மாஜிஸ்திரேட்டோ, பட்டணமாக இருந்தால் போலீஸ் கமிஷனரோ காட்சியை நிறுத்தி வைக்கலாம். அனுமதி கொடுக்கும் கையும் பூட்டுப் போடும் கையும் ஒன்றுதான்.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு முதலில் இருந்த கவலை அமெரிக்கப் படங்களைப் பற்றி. ஐரோப்பியப் பெண்கள் ஆடுவதையும் முத்தமிடுவதையும் தரையில் உட்கார்ந்து பார்க்கிறவன் தங்களை மதிப்பானா என்று பயந்தார்கள். இதை விசாரிக்க 1927-இல் ஒரு குழு போட்டார்கள். தலைவர் நம் ஊர் வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். மூன்று இந்தியர், மூன்று ஐரோப்பியர். 353 சாட்சிகளை விசாரித்தார்கள். காந்திக்கும் கேள்வித்தாள் போயிற்று. நான் சினிமாவுக்குப் போனதே இல்லை என்று பதில் எழுதினார். அந்த பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று 1928 அறிக்கை சொல்லிவிட்டது. உள்ளூர்ப் படத்தொழிலுக்குக் கை கொடுங்கள் என்றும் எழுதியது. அரசாங்கம் அதைக் கிடப்பில் போட்டது. அந்தச் சாட்சியத் தொகுதிகளை ஒருமுறையாவது படியுங்கள். கொட்டகைக்காரரும் வாத்தியாரும் பேசுவது அப்படியே காதில் விழும்.

அவர்கள் நிஜமாகப் பயந்தது வேறு ஒன்றுக்கு. 1921-இல் கோஹினூர் கம்பெனியின் 'பக்த விதுர்' வந்தது. மகாபாரத விதுரர்தான், ஆனால் காந்தியைப் போலக் குல்லாவும் கதரும் போட்டிருந்தார். மெட்ராஸிலும் கராச்சியிலும் தடை. 1930 உப்புச் சத்தியாகிரகத்தைக் காட்டிய செய்திப் படங்களுக்கும் தடை.

'தியாகபூமி' 1939-இல் வந்தது, காங்கிரஸ் மந்திரி சபை இருந்தபோது. அதனால்தான் அவ்வளவு கதரும் ராட்டையும் திரையில் வர முடிந்தது. அந்த அக்டோபரில் மந்திரி சபை ராஜினாமா செய்தது, கவர்னர் ஆட்சி வந்தது, பிறகு படத்துக்குத் தடை வந்தது. தடை வருகிறது என்று தெரிந்ததும் படத்தை இயக்கிய கே. சுப்ரமணியமும் ஆனந்த விகடன் அதிபர் எஸ். எஸ். வாசனும் கெயிட்டியில் இலவசமாகத் தொடர்ந்து காட்டினார்கள். கூட்டம் அலைமோதியது, போலீஸ் உள்ளே புகுந்து அடித்தது. அந்தத் தழும்பை நான் நம்புகிறேன்.

மூன்றாவது விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. மிஷின் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பழைய ஆபரேட்டர்:

தாயி, உன் தாத்தா சொன்னது கதை இல்லை. நான் 1966-இல் வடசென்னையில் ஒரு தியேட்டரில், படம் ஓட்டுகிற மிஷின் இருக்கும் கேபினில் பையனாகச் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வருஷம் படம் ஓட்டினேன். அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பேசும் படத்துப் பிலிமின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை ஓடும். அதுதான் சத்தம். வெளிச்சம் படத்தின் மேல் விழுகிற இடத்துக்குக் கேட் என்று பேர். சத்தத்தைப் படிக்கிற சவுண்ட் ஹெட் அதற்குக் கீழே இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. கேட்டில் பிலிம் நின்று நின்று போகும், சவுண்ட் ஹெட்டில் வழுக்கிக்கொண்டு ஒரே சீராகப் போகணும். அதனால் ஒரு படத்துக்கு உரிய சத்தத்தை அந்தப் படத்துக்கு நேராக அச்சடிக்க மாட்டார்கள். சுமார் 20 பிரேம் முன்னாலேயே அச்சடித்துவிடுவார்கள்.

இப்போது சென்சார் ஒரு காட்சியை எடு என்கிறான். காட்சி தொடங்குகிற பிரேமில் கத்தரி வைக்கிறாய், முடிகிற பிரேமில் கத்தரி வைக்கிறாய், இரண்டு முனையையும் சுரண்டி ஒட்டுகிறாய். படம் போயிற்று. ஆனால் அந்தக் காட்சியின் முதல் 20 பிரேம் சத்தம் எங்கே இருக்கிறது? முந்தின காட்சியின் வால் பகுதியில், கத்தரிக்கு முன்னாலேயே இருக்கிறது. அதை யாரும் வெட்டவில்லை. ஓட்டும்போது திரையில் அடுத்த காட்சி வந்துவிடும், காதில் வெட்டின காட்சியின் தொடக்கம் கேட்கும். கிணற்றடிப் பெண்ணின் மேல் ஆண் குரல். ஒரு செகண்டுக்கு 24 பிரேம். இருபது பிரேம் என்றால் ஒரு செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று நாலு எழுத்து சொல்லலாம், அவ்வளவுதான். அரைச் சொல் என்று உன் தாத்தா சொன்னார் பார், அதுதான் கணக்கு. வேறு யாராலும் இதைக் கற்பனை செய்து சொல்ல முடியாது.

நெகட்டிவிலேயே திருத்திப் புதுப் பிரிண்ட் போட்டால் இது தெரியாது. அதற்குக் காசும் நாளும் வேண்டும். வெள்ளிக்கிழமை படம் என்று ஊரெல்லாம் வண்டியில் மேளம் அடித்து நோட்டீஸ் போட்ட பிறகு யார் காத்திருப்பார்கள்? கையில் இருக்கிற பிரிண்டில்தான் கத்தரி போடுவார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஊமைப் படக் காலத்திலேயே கையால் சுற்றி ஓட்டியவர். என் விரலைப் பிடித்து ஒட்டுப் போடச் சொல்லித் தந்தார். பிளேடால் அந்த வழவழப்பைச் சுரண்டணும், கண்ணாடி மாதிரி ஆனதும் சிமெண்ட் தடவி, மூச்சை அடக்கி அழுத்திப் பிடிக்கணும். அந்த சிமெண்டுக்குப் பழுத்த வாழைப்பழ வாசனை. இன்றைக்கும் கடையில் தார் தொங்கினால் எனக்குக் கேபின் ஞாபகம்தான் வரும். பழைய பிலிம் நைட்ரேட், வத்திக்குச்சி மாதிரி பற்றிக்கொள்ளும். கேபினுக்கு இரும்புக் கதவு வைத்தது அதனால்தான்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊமைப் படத்துக்குத் திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்று கதை சொல்வார். எழுத்து அட்டை தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் என்று மாறி மாறி வந்தாலும் தரையில் இருப்பவர்களில் வாசிக்கத் தெரிந்தவர் கொஞ்சம். அவர் உரக்க வாசிப்பார், சும்மா வாசிக்க மாட்டார், கூடக் கொஞ்சம் சேர்த்தும் சொல்வார். கீசகன் திரௌபதியிடம் வம்பு பண்ணினால் அவர் வாயில் கீசகன் யாராக மாறுவான் என்று எல்லோருக்கும் தெரியும். சர்ட்டிபிகேட் பிலிமுக்குத்தான், அவர் வாய்க்கு இல்லை. டாக்கி வந்ததும் அவர்கள் வேலை போயிற்று. என் குரு அதற்காக ரொம்ப வருத்தப்பட்டார்.

மிண்ட் தெரு மணி:

ஆபரேட்டர் ஐயா, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

கெயிட்டி பற்றி ஒரு வார்த்தை. அதைக் கட்டியவர் ரகுபதி வெங்கையா, 1914-இல். மெட்ராஸில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமாக் கொட்டகை அது. எங்கள் தெருவில் இருந்த கிரௌனும், பிறகு ராக்ஸி ஆன புரசைவாக்கம் குளோபும் அவருடையவைதான். அந்த ராக்ஸியில்தான் 1940 ஆகஸ்டில் ஏ. கே. செட்டியார் காந்தியைப் பற்றித் தான் எடுத்த ஆவணப்படத்தை வெளியிட்டார். கெயிட்டி, கிரௌன், ராக்ஸி மூன்றுமே இப்போது இல்லை. முதல் தமிழ் டாக்கி 'காளிதாஸ்' 1931-இல் வெளியான கினிமா சென்ட்ரல், பின்னால் முருகன் டாக்கீஸ், அதுவும் போயிற்று. மவுண்ட் ரோடு தபாலாபீஸ் வளாகத்தில் எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் மட்டும் நிற்கிறது. தபால்தலை வாங்கப் போகிற சாக்கில் அந்தச் சுவரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

பேத்தி அம்மா, அந்த அரைச் சொல் என்ன என்று தாத்தா சொன்னாரா? நீங்கள் எழுதவே இல்லையே. அப்புறம், தாத்தாவுக்கு அப்போது என்ன வயசு? காங்கிரஸ் மந்திரி சபை வந்த 1937-க்கு முன்பா பின்பா என்று தெரிந்தால் நல்லது.

தம்புச்செட்டித் தெரு பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. ஆபரேட்டர் ஐயா எழுதியதை அப்பாவுக்கு போனில் வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இன்னொரு தடவை வாசி" என்றார்.

வயசு பற்றி: தாத்தா அப்போது எட்டாவது படித்தார். பெரியப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்ததாகச் சொல்வார். அப்படியென்றால் 1935 வாக்கில், காங்கிரஸ் மந்திரி சபைக்கு முன்னால்தான். அவர் சேர்த்து வைத்த பாட்டுப் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. சிலவற்றுக்கு அட்டையே இல்லை. தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்கு எடுத்துப் போய், எந்தப் படத்தினுடையவை என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.

அந்தச் சொல் என்ன என்று நான் எழுதாததற்குக் காரணம், அது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டாக மட்டும் இருந்தது. ராத்திரி விளக்கை அணைத்ததும் தாத்தா இருட்டில் "வந்தே மா" என்று சொல்லி சட்டென்று நிறுத்துவார். பாயில் படுத்திருக்கும் நாங்கள் ஐந்து பேரும் "தரம்!" என்று கத்துவோம்.