சித்தப்பாவுக்கு ஒரு வழி சொல்லுங்க, சிவகங்கை பக்கம் உள்ளவங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்க சித்தப்பா தண்டனை முடிஞ்சு போன மாசம்தான் வெளிய வந்தாரு, கடைசி சில வருஷம் காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்பு திறந்தவெளி சிறையில இருந்தாரு, அங்க கைதிகளே வெள்ளாமை பாக்குறதால மனுஷனுக்கு மண்ணு மேல அப்படி ஒரு பிடிப்பு வந்துருச்சு. ஆனா ஊருல யாரும் கூலி வேலைக்குக்கூட கூப்பிட மாட்டேங்குறாங்க, டீக்கடையில போய் உக்காந்தா பக்கத்துல இருக்கவன் எந்திரிச்சுப் போறான், பாக்கவே வயிறு எரியுது.

எங்களுக்கு 2 ஏக்கர் மானாவாரி கிடக்கு, பாதி சீமைக்கருவேலம். அதை அழிச்சுட்டு ரசாயன உரம் இல்லாம செய்யணும்ங்குறாரு. ஒரு நாட்டு மாடு இருக்கு, 200 லிட்டர் டிரம்ல 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண்ணுனு தண்ணியில போட்டு, ஜீவாமிர்தம்ங்குற இயற்கை உரக் கரைசலைக் கரைக்க ஆரம்பிச்சுட்டாரு!

சித்திரைக்கார், குழியடிச்சான் விதைநெல் யார்கிட்டயாவது கிடைக்குமா? காசு குடுத்துடுறோம். கருவேலம் வேரோட எடுக்க ஜேசிபி வாடகை மணிக்கு எவ்வளவு ஆகுது? அப்புறம் முக்கியமா, உங்க தோட்டத்துல வேலை இருந்தா விதைப்பு வரைக்கும் அவரைக் கூப்பிடுவீங்களா? அவரு எங்க இருந்து வந்தாருன்னு தெரிஞ்சே கூப்பிடுறவங்களா இருந்தா நல்லாருக்கும், மறைச்சு அனுப்ப எங்களுக்கு மனசில்ல. கமெண்ட்ல சொல்லுங்க, நானே பேசுறேன்.