ஸ்பா ஹீட்டர் பற்றி, பத்து நிமிஷத்தில் அணைகிறது: புதிது வாங்கித்தான் ஆகணுமா?

பிளேனோவாசி:
வணக்கம் நண்பர்களே. டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் போன கோடையில் வீடு வாங்கினோம். பின்பக்கம் நீச்சல் குளமும் அதோடு ஒட்டிய ஸ்பாவும் (சின்னச் சுடுநீர்த் தொட்டி) இருக்கிறது. குளம் 15,000 கேலன், ஸ்பா 600 கேலன் என்று பழைய வீட்டுக்காரர் சொன்னார். ஹீட்டர் இயற்கை எரிவாயுவில் ஓடுவது, மணிக்கு 400,000 பிடியூ (வெப்பத்தின் அளவு) என்று அதன் தகட்டில் போட்டிருக்கிறது.

குளிர் ஆரம்பித்ததும் பிள்ளைகள் ஸ்பா ஸ்பா என்று பிடுங்க, போட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் பற்றுகிறது. ஐந்து பத்து நிமிஷம் ஓடிவிட்டு அணைந்துவிடும், கொஞ்ச நேரம் கழித்துத் தானே திரும்பப் பற்றும், மறுபடி அணையும். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருந்தால் பற்றவே மாட்டேன் என்கிறது. பார்க்க வந்த ஆள் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டு, போர்டு (ஹீட்டரை இயக்கும் மின்னணுப் பலகை) போச்சு, உள்ளே எல்லாம் பழசு, புதுசு போட்டுவிடுங்கள் என்று ஒரு பெரிய தொகை சொல்லிவிட்டுப் போனார். போர்டை எதை வைத்தும் சோதித்ததாகத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். பற்ற வைத்த புதிதில் அடியில் தண்ணீர் சொட்டுகிறது, அது ஒழுகலா? அப்புறம் படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் ஹீட்டர் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு உள்ளே வருமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

குளத்துமீன்:
போர்டு என்று சொல்வது ரொம்ப சுலபம் சார். முதலில் தண்ணீர் ஓட்டத்தைப் பாருங்கள். இந்த அளவு ஹீட்டருக்கு நிமிஷத்துக்கு 40 கேலன் அளவிலாவது தண்ணீர் ஓடணும். குறைந்தால் உள்ளே இருக்கிற பிரஷர் ஸ்விட்ச் ஹீட்டரை நிறுத்திவிடும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளேயே அளவுக்கு மீறிச் சூடாகி ஹை லிமிட் ஸ்விட்ச் நிறுத்தும். கெட்டில் கொதிக்கிற மாதிரி உள்ளிருந்து சத்தம் வருகிறதா? வந்தால் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

ஃபில்டரைக் கழுவி எத்தனை நாள் ஆச்சு? ஸ்கிம்மர் கூடை (குளத்தின் மேல் மிதக்கும் இலை தழையைப் பிடிப்பது), பம்ப் கூடை இரண்டையும் காலி பண்ணுங்கள். பம்ப் என்ன பம்ப்? வேகம் மாற்றக்கூடிய பம்ப் என்றால் (2021 ஜூலைக்குப் பிறகு போட்டதாக இருந்தால் பெரும்பாலும் அதுதான்) மின்சாரம் மிச்சம் பிடிக்க மெதுவாக ஓடும்படி வைத்திருப்பார்கள். அந்த வேகத்தில் ஹீட்டர் ஓடாது. ஹீட்டர் போடும்போது வேகத்தை ஏற்றிப் பாருங்கள்.

சொட்டுவது பற்றி: குளிர்ந்த தண்ணீர் சூடான பர்னர் மேலே இருக்கிற செம்புக் குழாய்க்குள் ஓடும்போது புகையில் இருக்கிற நீராவி குளிர்ந்து சொட்டும். தண்ணீர் சூடேறியதும் நின்றுவிட்டால் ஒழுகல் இல்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு பம்பை மட்டும் ஓடவிட்டும் சொட்டினால்தான் கவலைப்படணும்.

ஹூஸ்டன்பைப்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் "ஃபர்னஸ் ஓடினால் பற்றாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஹீட்டருக்கு கேஸ் போதவில்லை. போர்டு கெட்டுப்போனால் ஃபர்னஸ் ஓடுவதும் ஓடாததும் அதற்கு எப்படித் தெரியும்?

மீட்டரிலிருந்து ஹீட்டர் வரை குழாய் என்ன இஞ்ச், எத்தனை அடி, மீட்டர் தகட்டில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். எதையும் கழற்ற வேண்டாம், பார்த்தால் போதும்.

பிளேனோவாசி:
நன்றி அண்ணா. ஃபில்டர் கழுவினேன், கூடைகள் சுத்தம், பம்ப் வேகத்தை ஏற்றியும் பார்த்தேன், மாற்றம் இல்லை. கெட்டில் சத்தமும் இல்லை. சொட்டுவது கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது, அது நிம்மதி. குழாய் முக்கால் இஞ்ச், சுவரை ஒட்டி ஐம்பது அடிக்குக் குறையாமல் போகிறது. மீட்டரில் 250 என்று இருக்கிறது.

ஹூஸ்டன்பைப்:
நினைத்தேன். வீடுகளுக்கு வரும் சாதாரண அழுத்தத்தில், அதாவது 7 இஞ்ச் நீர்மட்ட அளவில் (கால் பிஎஸ்ஐ), முக்கால் இஞ்ச் இரும்புக் குழாய் 50 அடி தூரத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 150 கன அடி கேஸ்தான் கொண்டுபோகும். ஒரு கன அடி சுமார் 1,000 பிடியூ. உங்கள் ஹீட்டர் கேட்பது 400,000, குழாய் தருவது 150,000. ஒரு இஞ்ச் குழாயும் போதாது, அது 280 பக்கம்தான் வரும். ஒன்றேகால் இஞ்ச் போட்டால் 580, அது தாராளம்.

மீட்டர் 250 என்றால் அதுவும் மணிக்கு 250 கன அடிக்கு என்று போட்டது. ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், அடுப்பு எல்லாம் அதிலிருந்துதான் எடுக்கின்றன. பற்றும்போது குழாயில் நிற்கிற அழுத்தத்தில் பற்றிவிடும், முழு அளவில் எரிய ஆரம்பித்ததும் அழுத்தம் விழும், தீ சரியாக இல்லை என்று ஃபிளேம் சென்சார் நிறுத்திவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி முதலிலிருந்து.

என்ன செய்யணும்? லைசென்ஸ் உள்ள பிளம்பரைக் கூப்பிட்டு, மானோமீட்டர் (அழுத்தம் அளக்கும் கருவி) வைத்து ஹீட்டரின் கேஸ் வால்வு நுழைவில் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது ஒரு முறை, வீட்டில் உள்ள எல்லா கேஸ் சாதனமும் ஹீட்டரும் சேர்ந்து ஓடும்போது ஒரு முறை. இரண்டாவதுதான் முக்கியம், நிறைய பேர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு "பிரஷர் நன்றாக இருக்கிறது" என்று போய்விடுவார்கள். தகட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எழுதியிருக்கும், அதற்குக் கீழே விழுந்தால் புது ஹீட்டர் போட்டாலும் இதே கதைதான். மீட்டரை மாற்றுவது கேஸ் கம்பெனி வேலை, மொத்த பிடியூ கணக்கைக் கொடுத்துக் கேளுங்கள். குழாய்க்கு நகராட்சி பர்மிட் வாங்கித்தான் செய்யணும். தூரம் அதிகமாக இருந்தால் அழுத்தம் கூடிய 2 பிஎஸ்ஐ லைன் இழுத்து ஹீட்டர் பக்கத்தில் அதைக் குறைக்கிற ரெகுலேட்டர் வைப்பதும் உண்டு.

ஜன்னல் விஷயம்: வீட்டில் பயப்படுவது நியாயம். திறக்கிற ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் 4 அடியாவது தள்ளி இருக்கணும் என்பது பெரும்பாலான மேனுவல்களில் உள்ளது. உங்கள் மாடலின் மேனுவலை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். வெளியில் வைக்கிற ஹீட்டரைச் சுற்றி அழகுக்காகப் பெட்டி கட்டுவது, மேனுவல் சொல்லும் இடைவெளி விடாமல் மேலே கூரை போடுவது எல்லாம் கூடவே கூடாது. படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இன்றைக்கே மாட்டுங்கள். ஹீட்டரில் கரி படிந்திருந்தால் எரிப்பு சரியில்லை என்று அர்த்தம், சரிபார்க்கும் வரை போடவே போடாதீர்கள்.

சான்_ஆன்டோனியோ_அக்கா:
தம்பி, கேஸ் சரியானதும் தண்ணீரையும் கவனி. அமிலத்தில் சாகிற ஹீட்டர் நிறைய. பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 7.4, 7.6 பக்கம் இருக்கட்டும். 7-க்குக் கீழே போனால் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (தீயின் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் குழாய்கள்) செம்பு கரைய ஆரம்பிக்கும், குளத்துச் சுவரில் பச்சையும் நீலமுமாகக் கறை வரும். ஸ்கிம்மர் கூடையில் குளோரின் மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடு. அந்த மாத்திரை கரைந்த தண்ணீர் கடும் அமிலம், பம்ப் நின்றிருக்கும்போது அங்கேயே தேங்கி, ஓட ஆரம்பித்ததும் நேரே ஹீட்டருக்குள் போகும். குளோரினேட்டர் (தண்ணீரில் குளோரின் கலக்கும் கருவி) இருந்தால் அது ஹீட்டருக்கு அடுத்து இருக்கணும், நடுவில் தண்ணீர் பின்னால் திரும்பாதபடி ஒரு செக் வால்வும் வேணும். எங்கள் தெருவில் புது ஹீட்டர் ஒன்று இப்படித்தான் சீக்கிரமே ஓட்டையானது. பிஎச் ரொம்ப ஏறினாலும் உள்ளே சுண்ணாம்பு படியும், டெக்சஸ் தண்ணீர் கடினத் தண்ணீர் என்று உனக்கே தெரியும்.

2021 பிப்ரவரி குளிர் ஞாபகம் இருக்கா? டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 ஃபாரன்ஹீட். பம்பை ஓடவிட்டால் உறையாது என்று எல்லாரும் இருந்தார்கள், கரண்ட் போனதும் பம்ப் நின்றது, ஹீட்டருக்குள் தண்ணீர் உறைந்து வெடித்தது. கரண்ட் போனால் உடனே கேஸை அடைத்து, ஹீட்டரின் டிரெய்ன் பிளக்கைக் கழற்றி வடித்துவிடு. அந்த பிளக் எங்கே இருக்கிறது என்று குளிருக்கு முன்பே கண்டுபிடித்து வை.

வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்ணச் சொல். அதற்கு நடுவில் மேலே விழுந்த இலை, உள்ளே எலிக்கூடு, குளவிக்கூடு இருக்கான்னு நீயே பார்த்துக்கலாம். எலி வயரைக் கடித்துவிட்டால் அப்போதும் போர்டு என்றுதான் சொல்வார்கள்.

பிளேனோவாசி:
நன்றி அக்கா, இங்கே மாத்திரை ஸ்கிம்மரில்தான் கிடக்கிறது, எடுத்துவிடுகிறேன். பிளம்பர் சனிக்கிழமை வருகிறார். ஒன்று கேட்கணும், எல்லாம் சரியான பிறகு குளத்தையும் இதிலேயே சூடாக்கினால் பில் எவ்வளவு எகிறும்?

குளத்துமீன்:
கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்ற ஒரு பிடியூ, ஒரு கேலன் 8.34 பவுண்டு. ஸ்பா 600 கேலனை 60-லிருந்து 102-க்கு ஏற்ற சுமார் 210,000 பிடியூ. ஹீட்டர் நல்ல நிலையில் எரிவதில் 83 சதவீதம் போலத் தண்ணீருக்குப் போகும் என்று வைத்தால் 40 நிமிஷத்துக்குள் வேலை முடியும், இரண்டரை தெர்ம் (ஒரு தெர்ம் 100,000 பிடியூ) கேஸ். குளம் 15,000 கேலனை வெறும் 10 டிகிரி ஏற்ற 15 தெர்ம், கிட்டத்தட்ட நாலு மணி நேரம். உங்கள் பில்லில் ஒரு தெர்முக்கு என்ன விலை என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். மூடி போடாமல் விட்டால் ராத்திரியில் ஆவியாகியே ஏற்றிய சூடு நிறையப் போய்விடும்.

குளத்தை எப்போதும் சூடாக வைக்கணும் என்றால் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் மின்சாரக் கருவி) பாருங்கள், கேஸ் அதற்குக் கட்டாது. சட்டென்று ஸ்பா மட்டும் வேணும் என்றால் கேஸ்தான். ஸ்பாவை 104-க்கு மேல் ஏற்றாதீர்கள், சின்னப் பிள்ளைகள் இறங்கினால் அதைவிடக் குறைவாக வைத்து, சீக்கிரம் வெளியே எடுத்துவிடுங்கள்.

சனிக்கிழமை அந்த இரண்டு அழுத்த எண்ணையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.