ஸ்டெல்லாரிஸ் கேம்ல 2380ஆம் வருஷம் தாண்டினா நத்தையா நகருது, யாராவது வழி சொல்லுங்க

வால்மீன்:
வணக்கம் நண்பர்களே. ரெண்டு மாசமா இந்த விண்வெளி சாம்ராஜ்ய கேம்ல ஒரே ஆட்டத்தைதான் ஆடிட்டிருக்கேன், 1000 நட்சத்திரம் உள்ள ஹ்யூஜ் கேலக்ஸி, ஏஐ எம்பயர் (கம்ப்யூட்டரே ஆடற சாம்ராஜ்யம்) 20, ஹேபிடபிள் வேர்ல்ட்ஸ் (குடியேறத் தகுந்த கிரகங்களோட அளவு) 2 மடங்குல வச்சேன். வெர்ஷன் 3.14, சேவ் கெட்டுடக்கூடாதுன்னு அப்டேட் பண்ணல. ஆரம்பத்துல ஃபாஸ்டெஸ்ட்ல ஒரு வருஷம் ஒரு நிமிஷத்துல ஓடிச்சு, இப்போ 2380ல நாலு நிமிஷம் ஆகுது, அதுலயும் ஒவ்வொரு மாசமும் 1ஆம் தேதி வந்தா அப்படியே நின்னு நின்னு போகுது. கிராஃபிக்ஸ் எல்லாத்தையும் லோ பண்ணிப் பாத்துட்டேன், துளி வித்தியாசம் இல்ல. டாஸ்க் மேனேஜர்ல சிபியு 25 சதவீதம் கூட தொடல. ரேம் 16 ஜிபி இருக்கு, 32 ஆக்கினா சரியாகுமா? கிரைசிஸ் (கேம் கடைசில வர்ற பெரிய ஆபத்து) வரைக்கும் இந்த எம்பயரைக் கொண்டுபோகணும்னு ரொம்ப ஆசை.

ஆறாவதுகோள்:
ரேமுக்கு காசு செலவு பண்ணாதீங்க நண்பா, பிரச்சனை அங்க இல்ல. 8 த்ரெட் (சிபியு ஒரே நேரத்துல ஓட்டற வேலை வரிசை) உள்ள மெஷின்ல ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் டாஸ்க் மேனேஜர் மொத்தமா 12.5 சதவீதம்தான் காட்டும், அதனாலதான் சிபியு சும்மா இருக்கற மாதிரி தெரியுது. காய் நறுக்க பத்து பேர் வரலாம், தாளிக்கறது ஒருத்தர்தானே, அந்த மாதிரி இந்த கேம்ல நிறைய கணக்கு ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது. லேகுக்கு (கேம் இழுக்கறதுக்கு) பெரிய காரணம் பாப், அதாவது கிரகங்கள்ல இருக்கற மக்கள்தொகை யூனிட். 2.2 வெர்ஷன்ல பழைய டைல் முறையை (கட்டத்துக்கு ஒரு பாப்) எடுத்துட்டு ஜாப் முறை கொண்டுவந்தாங்க, அதுலேர்ந்து ஒவ்வொரு பாப்பும் எந்த வேலைக்குப் பொருத்தம், சந்தோஷம் எவ்வளவுன்னு கேலக்ஸி முழுக்க கணக்கு போட்டுட்டே இருக்கணும். நீங்க 20 ஏஐயும் ரெண்டு மடங்கு கிரகமும் குடுத்திருக்கீங்க, 180 வருஷத்துல எத்தனை பாப் பெருகியிருக்கும்னு யோசிங்க. மாச வருமானமெல்லாம் 1ஆம் தேதிதான் கணக்காகும், அதான் அன்னிக்கு நிக்குது.

மண்வாசனை:
லேப்டாப்னா சார்ஜர் சொருகிட்டுதான் ஆடறீங்களா? கரண்ட் போய் பேட்டரில ஓடினா கிளாக் ஸ்பீடு இறங்கிடும், சூடானாலும் இறங்கும். ஃபேன் தூசி தட்டி பவர் மோடை மாத்திப் பாருங்க, எனக்கு அதுலயே கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

ஆறாவதுகோள்:
அதுவும் உண்மைதான். ஆனா மனசை விட்டு சொல்றேன், இந்த சேவ்ல பெருசா எதுவும் பண்ண முடியாது, ஏன்னா லேக் முடிவாகறது கேலக்ஸி செட்டிங்ஸ் பக்கத்துலயே. அடுத்த தடவை மீடியம் 600 நட்சத்திரம், ஏஐ 8 இல்ல 9, ஹேபிடபிள் வேர்ல்ட்ஸ் 0.5, ஸீனோ காம்பாட்டிபிலிட்டியை ஆஃப் பண்ணிடுங்க (அது கலப்பினமா உருவாக்கித் தள்ளும், ஸ்பீஷீஸ் லிஸ்ட் வளந்துட்டே போகும்). இன்னொண்ணு, இதை நிறைய பேர் தொடறதே இல்ல: மிட் கேம் 2300, எண்ட் கேம் 2400ன்னு இருக்கற ஆரம்ப வருஷத்தை 2275, 2350ன்னு முன்னாடி இழுத்துடுங்க. கிரைசிஸ் 50 வருஷம் முன்னாடியே வர ஆரம்பிச்சுடும், பாப் அந்தளவு பெருகறதுக்கு முன்னாடி நீங்க சண்டைக்கே போயிடலாம்.

தூரதேசி:
2025 மே மாசம் வந்த 4.0 வெர்ஷன்ல பாப்பை குரூப் குரூப்பா சேத்துட்டாங்க, பழைய 1 பாப் இப்போ 100. ஒரே இனம், ஒரே சமூக அடுக்கு, ஒரே எத்திக்ஸ் (கொள்கை)னா ஒரே குரூப்பா கணக்காகும். அதனால இப்போ எண்ணிக்கையை விட கலவைதான் பாரம், ஜீன் மாடிஃபிகேஷன்ல கிரகத்துக்கு ஒரு இனம்னு பிரிச்சுடாதீங்க. ஆனா உங்க 3.14 சேவை அதுல திறக்காதீங்க, உடைஞ்சுடும். ஸ்டீம்ல கேம் ப்ராப்பர்ட்டீஸ் உள்ள பீட்டாஸ்ல போய் 3.14லயே நிறுத்தி வச்சு ஆடி முடிச்சுடுங்க.

வால்மீன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சார்ஜர் போட்டு தூசி தட்டினதுல வருஷத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்னு வந்துடுச்சு, அதனால இதை விடல, மெதுவாவே கிரைசிஸ் வரைக்கும் கொண்டுபோறேன். அது கூடவே 600 நட்சத்திரம், ஹேபிடபிள் வேர்ல்ட்ஸ் 0.5, எண்ட் கேம் 2350ன்னு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சு 2290 வந்திருக்கேன், வருஷம் ஒரு நிமிஷம் அஞ்சு செகண்ட். 2340ல திரும்ப டைம் பாத்து இங்கயே போடறேன்.