முதல் குழந்தை ஆபரேஷன், ரெண்டாவதுக்கு என்ன பண்ணீங்க? – டெல்டா பக்கத்து அனுபவங்கள்

நீடாமங்கலம் மருமகள்:

என் நாத்தனாருக்கு இப்ப ஏழாம் மாசம். முதல் குழந்தை ஆபரேஷன். வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி அவளைக் குழப்பி வச்சிருக்காங்க. அவ படிக்கட்டும்னுதான் இதை ஆரம்பிக்கறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் இதைத் தாண்டி வந்தவங்க நடந்ததை நடந்தபடி போடுங்க. நார்மல்தான் உசத்தி, ஆபரேஷன்தான் பத்திரம்னு மல்லுக்கு நிக்கறவங்க தயவுசெஞ்சு வேற இடம் பாருங்க.

என்னோடது இது. மூத்தவ வயித்துல உக்காந்த வாக்குலயே இருந்தா. கடைசி வரைக்கும் தலை திரும்பல, ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. ரெண்டாவது உண்டானப்ப முதல்ல போன கிளினிக்குல பழைய சீட்டை மேசை மேல வச்சேன். பிரிச்சுக்கூடப் பாக்கல. "முதல்ல சிசேரியனா, அப்ப இதுவும் அதுதான்"னு அட்டையில எழுதிட்டு, எந்தத் தேதி தோதுன்னு வீட்டுல பேசிட்டு வாங்கன்னாங்க. எனக்கு அப்ப மூணாம் மாசம்கூட முடியல!

மாமியாரும் அதே பாட்டுதான். "ஒரு தடவை வயித்தைக் கிழிச்சா அப்புறம் அந்த வழிதான்டி." ஆனா அவங்களேதான் திருக்கருகாவூர் போயி அம்பாள் கிட்ட வச்ச விளக்கெண்ணெய் வாங்கிட்டு வந்து, வலி வந்தா வயித்துல தடவணும்னு பீரோவுல வச்சாங்க. முதல் தடவையும் தடவுனோமே அத்தைன்னு கேட்டேன். "புள்ள நல்லபடியா வந்துச்சுல்ல? எந்த வழியா வரணும்னு அம்பாள்கிட்ட நீ கேட்டியா?" வாயடைச்சுப் போச்சு எனக்கு.

அஞ்சாம் மாசம் தஞ்சாவூர் அரசு ஆஸ்பத்திரிக்கு மாறினேன். அங்க டாக்டரம்மா டிஸ்சார்ஜ் சீட்டை மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சாங்க. அவங்களுக்கு வேண்டியிருந்தது ரெண்டு விஷயம். எதுக்காக ஆபரேஷன், கர்ப்பப்பையில எந்த மாதிரி வெட்டு. வெளியில தோல்ல தெரியற தழும்பை வச்சு உள்ள எப்படி வெட்டியிருக்காங்கன்னு சொல்ல முடியாதாம், அதை அந்தக் காகிதம்தான் சொல்லணுமாம். எனக்குக் கீழ்ப்பாகத்துல குறுக்கு வெட்டு. காரணம் குழந்தை இருந்த நிலை. இந்தத் தடவை தலை கீழ இருந்தா நார்மலுக்கு முயற்சி பண்ணலாம்னாங்க. கூடவே ஒரு கண்டிஷன். வலி ஆரம்பிச்ச உடனே இங்க வந்துடணும், சூட்டு வலியா நெசமான வலியான்னு சீரகக் கஷாயம் போட்டுக் குடிச்சுப் பாக்கற வேலையெல்லாம் கூடாது.

எங்க பக்கத்துக்காரங்களுக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. கேட் போட்டா கல்யாண வேனும் நிக்கும், 108-ம் நிக்கும். எங்க வீடு கேட்டுக்கு அந்தப் பக்கம். ஒன்பதாம் மாசம் பொறந்ததும் தஞ்சாவூர்ல சித்தி வீட்டுக்குப் போயிட்டேன். ரெண்டாவது பிரசவத்தை மாமியார் வீட்டுல வச்சுப் பாக்காம சித்தி வீட்டுக்கு ஏன் அனுப்புனாங்கன்னு தெருவுல அதுக்கும் ஒரு பேச்சு.

வலி சாயந்திரம் வந்துச்சு. வயித்துல பெல்ட் கட்டிக் குழந்தை துடிப்பை மெஷின்ல ஓட விட்டாங்க. ரத்தத்துக்கு மாதிரி எடுத்துட்டுப் போனாங்க, ஆபரேஷன் தாளிலயும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிட்டாங்க. ஒரு சிஸ்டர் ஒவ்வொரு வலியும் அடங்கினப்புறம் வந்து பழைய தழும்புக்கு மேல ரெண்டு விரலை வச்சு லேசா அழுத்தி, "இப்ப இங்க வலிக்குதா?"ன்னு கேப்பாங்க. நான் கத்திட்டிருக்கறப்ப கேக்கவே மாட்டாங்க, விட்டப்புறம்தான். வலி விட்ட நேரத்துலயும் அந்த இடம் மட்டும் வலிச்சா அது நல்லதில்லையாம். விடியக்காலம் பையன் பொறந்தான். கீழ தையல் போட்டாங்க, உக்கார முடியல. சுகப்பிரசவம்னு பேரு வச்சவன் ஆம்பளையாத்தான் இருக்கணும்.

திருத்துறைப்பூண்டி:

நான் வேணும்னே ரெண்டாவதும் ஆபரேஷன்தான் பண்ணிக்கிட்டேன். யாரும் பயமுறுத்தல.

முதல் பிரசவத்துல ராத்திரி முழுக்க வலி. கர்ப்பப்பை வாய் முழுசா திறந்தும் தலை இறங்கல. கடைசியில அவசர ஆபரேஷன். பொண்ணு முதல்லதை விட எடை கம்மியா இருந்தா நார்மலுக்கு வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. ஸ்கேன்ல அவ அண்ணனை விட எடை கூடத்தான் தெரிஞ்சா.

இன்னொண்ணு, தேதி கார்த்திகையில. எங்க ஊருக்கு அந்த மாசம் எப்படின்னு தெரியும்ல? வாய்க்கா ரொம்பினா ரோடு எது வயல் எதுன்னு தெரியாது. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப ரோட்டுல சாஞ்சு கெடந்த தென்னை மரத்தை வெட்டி ஒதுக்குற வரைக்கும் ஒரு வண்டி நகரல, கரண்டும் பல நாள் இல்ல. எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. நடுராத்திரி வலி வந்தா என்னைத் தூக்கிட்டு ஓட வீட்டுல இருக்கறது மாமனாரும் அவரோட டிவிஎஸ் ஐம்பதும். குறிச்ச நாள்ல நடந்தே போயி படுத்துக்கறது எனக்கு நிம்மதி. ரெண்டோட போதும்னு முடிவு பண்ணியிருந்ததால குடும்பக்கட்டுப்பாட்டையும் அதோடயே முடிச்சுக்கிட்டேன்.

மாமனார் ஜோசியர்கிட்ட நட்சத்திரம் குறிச்சுட்டு வந்தார். அது டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாடி. டாக்டர் தாளை வாங்கிப் பாத்துட்டு, "39 வாரம் முடியட்டும் ஐயா, அதுக்கு முன்னாடி எடுத்தா குழந்தை மூச்சுக்குத் திணறும். அதுக்கப்புறம் வர்றதுல நல்ல நட்சத்திரம் சொல்லுங்க"ன்னார். மாமனார் மறுபேச்சு பேசாம ஜோசியர்கிட்ட திரும்பப் போனார். அந்த டாக்டருக்குக் கோயில் கட்டலாம்.

ராத்திரி முழுக்க வலிச்சு அப்புறம் வெட்டறதுக்கும், தெம்பா இருக்கறப்ப வெட்டறதுக்கும் உடம்புக்கு ரொம்ப வித்தியாசம். மறுநாளே எழுந்து நடந்தேன். கஷ்டம் வேற இடத்துல வந்துச்சு. மூத்தவன் மூணு வயசு, தூக்கு தூக்குன்னு அழறான், தூக்கக் கூடாது. அவன் என் கட்டிலண்ட நின்னு என்னைப் பாத்துட்டு ஆயாகிட்ட போனானே, தையல் வலி அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல. வலிக்குப் பயந்துட்டான்னு சொல்றவங்க வந்து அந்த ஒரு மாசத்தை இருந்து பாக்கட்டும்.

பாபநாசம்:

சுருக்கமா போடறேன், கைக்குழந்தை இருக்கு. நார்மலுக்கு முயற்சி பண்ணி ஆபரேஷன்ல முடிஞ்சது எனக்கு. பனிக்குடம் உடைஞ்சிடுச்சு, வலி வரல. முதல் குழந்தைக்கு எனக்கு மாத்திரை வச்சுத்தான் வலி வர வச்சாங்க. இந்தத் தடவையும் அதையே வைங்களேன்னு நானே கேட்டேன், ஆபரேஷன் பண்ண கர்ப்பப்பைக்கு அந்த மாத்திரை ஆகாதுன்னுட்டாங்க. கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ட்ரிப்ல ஊசி. வலி நல்லா ஏறினப்ப குழந்தை துடிப்பு இறங்கிச்சு, தியேட்டருக்குத் தள்ளிட்டாங்க. பொண்ணு நல்லா இருக்கா. வீண் முயற்சின்னு அண்ணி சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. தியேட்டர் பக்கத்து அறையில இருந்துச்சு, அதனாலதான் முயற்சியே பண்ணேன்.

மயிலாடுதுறை, ஓய்வு பெற்ற செவிலியர்:

பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். மூன்று பேர் எழுதியதையும் படித்தேன், மூன்றும் சரியான முடிவுதான். அந்த நாத்தனாருக்காகக் கொஞ்சம் கணக்கு சொல்கிறேன்.

கீழ்ப்பாகத்தில் ஒரே ஒரு குறுக்கு வெட்டு உள்ளவர்கள் 100 பேர் நார்மலுக்கு முயன்றால் 72 முதல் 75 பேருக்கு நார்மல் ஆகும். ஆபரேஷனுக்கு முன்போ பின்போ ஒரு முறை நார்மலாகப் பெற்றவர் என்றால் 85 முதல் 90 வரை. கர்ப்பப்பையின் பழைய தையல் விட்டுவிடும் என்று எல்லோரும் பயப்படுவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு நடக்கும். குறைவுதான். ஆனால் நடந்தால் நிமிடக் கணக்கில் தியேட்டருக்குள் இருக்க வேண்டும். வலி தானாக வராமல் மருந்து கொடுத்து வரவழைத்தால் அந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்கு ஏறும். ட்ரிப்பை விட மாத்திரையில் அது அதிகம், பாபநாசம் தங்கைக்கு மாத்திரை வைக்க மறுத்தது அதனால்தான்.

கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் முயற்சிக்கே இடமில்லை. ரொம்பக் குறைமாதத்தில் எடுத்த சிலருக்கு அப்படி வெட்டியிருப்பார்கள். இரண்டு பிரசவத்துக்கும் இடைவெளி ஒன்றரை வருஷத்துக்குக் குறைவு என்றாலும் யோசிப்பார்கள். தழும்பின் கனத்தை ஸ்கேனில் அளந்து, இது போதும் இது போதாது என்று ஒரே எண்ணில் முடிவு சொல்பவர்களை அப்படியே நம்ப வேண்டாம். எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு என்று அதில் ஒன்று இல்லை.

சிஸ்டர் தழும்பை அழுத்திக் கேட்டது நல்ல வழக்கம். ஆனால் அந்த வலி எல்லோருக்கும் வராது. பெரும்பாலும் முதலில் தெரிவது குழந்தையின் துடிப்பு இறங்குவதுதான். நடக்கணும், கழற்றுங்கள் என்று சண்டை போட்டாலும் நாங்கள் பெல்ட்டைக் கழற்றாதது அதனால்தான்.

ஆபரேஷன் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், யாரும் இதைச் சொல்வதில்லை. இரண்டோடு நிறுத்துபவர்களுக்கு இரண்டாவது ஆபரேஷன் பெரிய விஷயமில்லை. மூன்று நான்கு வேண்டும் என்பவர்கள் யோசியுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் வந்து ஒட்டிப் புதைந்துகொள்ளும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். அப்படிப் புதைந்தால் ரத்தப்போக்கு நிற்காது, கர்ப்பப்பையையே எடுக்கும்படி ஆகும். அதனால் ஆபரேஷன் ஆனவர்கள் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் கட்டாயம் கேளுங்கள்.

கும்பகோணம்:

வணக்கம். ஆண் எழுதலாமா தெரியவில்லை. மனைவிக்கு எட்டாம் மாதம், முதல் குழந்தை சிசேரியன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன், தனியாரில் 64, அரசில் 36 என்று இருக்கிறது. அதைப் பார்த்ததில் இருந்து எந்த டாக்டர் ஆபரேஷன் என்றாலும் சந்தேகமாகவே இருக்கிறது. நாங்கள் பார்க்கும் மருத்துவமனையில் நார்மல் முயற்சி செய்யலாம் என்கிறார்கள். மயக்க மருந்து டாக்டர் கூப்பிட்டால் வருவாராம். இது போதுமா?

மயிலாடுதுறை, ஓய்வு பெற்ற செவிலியர்:

எழுதலாம் தம்பி, கையெழுத்துப் போடப்போவது நீங்களும்தானே. இரவு 2 மணிக்குக் கூப்பிட்டால் அவர் வர எவ்வளவு நேரம் என்று நேரடியாகக் கேளுங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள். ரத்தம் அங்கேயே இருக்கிறதா, வெளியில் போய் வாங்கி வர வேண்டுமா? வலி ஆரம்பித்தது முதல் துடிப்பை இடைவிடாமல் பார்ப்பார்களா? பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடத்தில் முயற்சி வேண்டாம். நார்மல்தான் வேண்டும் என்றால் இரவிலும் தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் தயாராக இருக்கும் இடத்துக்கு இப்போதே மாறுங்கள், வலி வந்தபின் மாறாதீர்கள். 108-ஐக் கூப்பிட நேர்ந்தால் முதல் பிரசவம் ஆபரேஷன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் இறக்கி, அங்கிருந்து மறுபடி வண்டி ஏற்றினால் நேரம் போய்விடும்.

நீடாமங்கலம் மருமகள்:

அக்கா, ரொம்ப நன்றி. நாத்தனார் பக்கத்துலதான் உக்காந்து படிக்கிறா. அவகிட்ட பழைய டிஸ்சார்ஜ் சீட்டே இல்லையாம், வீடு மாத்தினப்ப போயிடுச்சு. பிரசவம் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியில கேட்டா கிடைக்குமா?

மயிலாடுதுறை, ஓய்வு பெற்ற செவிலியர்:

கிடைக்க வேண்டும். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி உள்நோயாளி பதிவேட்டை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். அட்மிஷன் எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குழந்தை பிறந்த தேதியும் தாயின் பெயரும் வைத்துத் தேடலாம். வெறும் டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள், ஆபரேஷன் குறிப்பின் நகலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வெட்டு எப்படி என்பது அதில்தான் விவரமாக இருக்கும். இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.