பெங்களூர் நிறுத்தம்: புதுப்பிப்பு

வேலூரிலிருந்து மைசூர் செல்லும் சுற்றுலாப் பேருந்து கர்நாடகத் தலைநகரில் சிறிது நேரமே நிற்கும், எதைப் பார்க்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி லால்பாக் தாவரவியல் பூங்காவுக்குச் சென்றோம். சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவைச் சன்னல் வழியே பார்த்ததோடு சரி.

லால்பாக்கில் 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையைவிட, நகரை நிறுவிய கெம்பேகௌடாவின் கோபுரம் நிற்கும் பாறைதான் எங்களைப் பிடித்து வைத்தது. செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறிய பெரியம்மா, நம்மூர்ப் பாறையும் இப்படித்தான் சுடும் என்றார்.

இத்தோட்டத்தைத் தொடங்கிய ஹைதர் அலியின் பேரப்பிள்ளைகள், 1799-இல் தங்கள் தந்தை திப்பு சுல்தான் வீழ்ந்த பின் நம் வேலூர்க் கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டனர், 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகே கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர் என்பதை வழிகாட்டி சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பேருந்தை நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நேரம் கரைவதால், அடுத்துச் செல்வோர் வாயிலிலேயே இறங்கிக்கொள்ளுங்கள்.